ஒரே கை, மூன்று சதவீதம்: ஊன இழப்பீட்டில் எந்த எண்ணை எங்கே எதிர்ப்பது?

தொழிற்சாலையில் விரல்களை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவக் குழு 30 சதவீதம் என்று எழுதுகிறது. அதே கையோடு அவர் அரசு மருத்துவமனைக்குப் போய் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டால் வேறொரு எண் வருகிறது. அதுவே சாலை விபத்தாக இருந்திருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் மூன்றாவதாக ஓர் எண்ணைச் சொல்லியிருக்கும். யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் யாரும் தப்பாகப் போட்டிருக்க மாட்டார்கள். மூன்று இடத்திலும் கேட்கப்படும் கேள்வி வேறு, அதனால் விடையும் வேறு.

இந்தக் குழப்பம் போதாதென்று 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. 'சட்டமே போச்சாமே, மாசாமாசம் வர்ற பணம் நின்னுடுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது. மருத்துவக் குழு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், காப்பீட்டு நீதிமன்றம் என்ற படிக்கட்டு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. பழைய சட்டம் இருந்தபோது நடந்த விபத்தில் கிடைத்த உரிமை பழையபடியே நிற்கும். இழப்பீட்டில் விபத்து நடந்த தேதிதான் அளவுகோல். இந்தக் கட்டுரையில் வரும் கெடுவும் கணக்கும் இதுவரை நடைமுறையில் இருந்த சட்டப்படியானவை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இவற்றில்தான் நடக்கின்றன.

ஓர் ஆளை வைத்துக்கொண்டு பேசுவோம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஓட்டுபவர். வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் பிரஸ்ஸில் போய்விட்டன.

எதன் சதவீதம்?

1. உடல் இழப்பின் சதவீதம். கை எவ்வளவு மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு, எந்தப் பகுதி இல்லை என்று மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறைப்படி டாக்டர்கள் அளப்பது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இதுதான். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது இங்கே கணக்கிலேயே வராது.

2. சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம். இ.எஸ்.ஐ.யும் 1923 சட்டமும் கேட்பது இதை. பல காயங்களுக்குச் சட்டத்தின் அட்டவணையே எண்ணை எழுதி வைத்துவிட்டது. அட்டவணையில் இல்லாத காயமாக இருந்தால் மட்டும் மருத்துவ மதிப்பீடு.

3. செயல்பாட்டு ஊனம். இந்த ஆள், இந்த வயதில், இந்தப் படிப்போடு, இந்த வேலையை இனி எவ்வளவு செய்ய முடியும் என்ற கேள்வி. மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் தீர்ப்பாயம் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். இதை முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. டாக்டரின் சாட்சியம் அதற்கு ஒரு பொருள் மட்டுமே.

மேல்முறையீட்டில் தோற்பவர்களில் பலர், ஒரு கேள்விக்கான சாட்சியத்தை வேறொரு கேள்விக்கு எடுத்துப் போகிறவர்கள். சான்றிதழில் கூடுதல் சதவீதம் வாங்கிவிட்டால் இ.எஸ்.ஐ. பணமும் கூடும் என்று நினைத்து அலைவார்கள். கூடாது. இ.எஸ்.ஐ.யில் வாழ்நாள் பணம் வாங்குகிறவர் மாற்றுத்திறனாளி அட்டையும் வைத்திருக்கலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. ஆனால் ஒன்று மற்றொன்றை நிரூபிக்கவும் செய்யாது.

இ.எஸ்.ஐ.: அட்டவணை பேசும் இடமும் பேசாத இடமும்

பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000) என்பது இ.எஸ்.ஐ. வரம்பு. நோய்க்கால உதவிக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வேலை விபத்துக்கு அப்படி எதுவும் இல்லை. முதல் நாள் ஷிஃப்டில் கை போனாலும் உரிமை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், 2010 திருத்தத்துக்குப் பிறகு வேலை விபத்துதான்.

முதலில் கிடைப்பது தற்காலிக ஊன உதவி. விபத்து நடந்த நாளை விட்டுவிட்டு குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், சராசரி நாள்கூலியில் 90 சதவீதம், குணமாகும் வரை. குணமான பிறகும் மிச்சம் இருக்கும் இழப்புக்கு நிரந்தர ஊன உதவி. அதற்குத்தான் மருத்துவக் குழு.

இனி அட்டவணை. ஒரு கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30, நான்கு விரல் என்றால் 50, கையே போனால் 60. நம் ஓசூர்க்காரரின் மூன்று விரலைத் தனித்தனியாகக் கூட்டினால் 33 வருகிறது. மூன்று விரல் என்ற வரியில் பார்த்தால் 30தான். எந்தத் தர்க்கம் என்று என்னைக் கேட்காதீர்கள், அட்டவணை அப்படித்தான் இருக்கிறது.

பணமாக எவ்வளவு? நாள்கூலி சுமார் 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 450. அதில் 30 சதவீதம் நாளுக்கு 135 ரூபாய், மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். வாழ்நாள் முழுக்க வரும். அவர் மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. 'வேலைக்குப் போனா கட் ஆயிடும்' என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அது வீண்.

அட்டவணையில் இருக்கும் காயத்துக்கு எண்ணை எதிர்த்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இருபதா முப்பதா என்று வாதாடுவதற்கு அங்கே இடம் குறைவு. இடம் இருப்பது வேறு எங்கே? மிச்சமிருக்கும் விரலில். சுண்டுவிரல் இருக்கிறது, ஆனால் விறைத்துவிட்டது, மடங்கவில்லை. கட்டைவிரல் இருக்கிறது, நரம்பு அறுந்து உணர்ச்சி இல்லை. வெட்டுப்பட்ட நுனியில் எதையாவது தொட்டாலே மின்சாரம் அடித்ததுபோல் வலி. இவை எதுவும் அட்டவணையில் இல்லை. மருத்துவக் குழு தன் மதிப்பீட்டில்தான் இவற்றைச் சேர்க்க வேண்டும், விட்டுப்போனால் மேல்முறையீட்டுக்கு நல்ல காரணம்.

குழுவின் முன் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான் இருக்கும். விரல் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும், விறைப்பு தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு, பிசியோதெரபிக்குப் போன சீட்டு, நரம்புப் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் அறிக்கை எல்லாம் கையில் இருக்க வேண்டும். 'என்ன வேலை?' என்று கேட்டால் 'பிரஸ் ஓட்டுறேன் சார்' என்று முடித்துவிடக் கூடாது. தகட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை கிலோ, ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை பிரஸ் அடிக்க வேண்டும், இப்போது அதில் எது முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

பிரஸ்ஸைப் பற்றி இன்னொன்று. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு, கை உள்ளே போகாமல் இருப்பதற்காக வைத்தது. உற்பத்தி வேகத்துக்காக ஒரு பட்டனைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டும்போதுதான் விரல் போகிறது. விபத்துக்குப் பிறகு 'அவனே பாதுகாப்பை மீறி ஓட்டினான்' என்று பேச்சு வரும். இ.எஸ்.ஐ.யில் இந்தப் பேச்சு எடுபடாது. விதியை மீறிச் செய்திருந்தாலும், கம்பெனி வேலைக்காகச் செய்ததாக இருந்தால் அது வேலை விபத்துதான் என்று 1948 சட்டத்தின் 51பி பிரிவு சொல்கிறது. 1923 சட்டத்தில் நிலைமை வேறு: பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்கலாம், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் மட்டும் அப்போதும் தப்பிக்க முடியாது.

இ.எஸ்.ஐ. கோரிக்கை சதவீதத்தில் தோற்பதைவிட அதற்கு முன்னாலேயே தோற்பதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பாமல் விடும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கை கழுவும். 'தனியார் ஆஸ்பத்திரியில் செலவை நாங்க பாத்துக்கிறோம்' என்று அழைத்துப்போய் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுத வைக்கும். மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில், எப்படி, எங்கே, எந்த மெஷினில் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கூடப் போனவர் அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு கழித்து எந்த நீதிமன்றத்தில் நின்றாலும் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான். நிர்வாகம் அறிக்கை அனுப்பவில்லை என்றால் தொழிலாளியே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம்.

குழுவின் முடிவு 'தற்காலிக மதிப்பீடு', 'இறுதி மதிப்பீடு' என்று இரண்டு வகையாக வரும். தற்காலிகம் என்றால் குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். அந்தத் தேதிக்குப் போகாமல் விட்டுவிட்டு, பணம் நின்றுவிட்டது என்று அலைவது வழக்கமாக நடக்கிற கூத்து.

முடிவு பிடிக்கவில்லை என்றால், தகவல் கிடைத்த மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அல்லது நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கே போகலாம். பெரும்பாலும் தொழிலாளர் நீதிமன்றமே இந்தப் பணியையும் பார்க்கிறது. தீர்ப்பாயத்தில் தோற்றால் அங்கிருந்தும் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. சண்டை சதவீதத்தைப் பற்றி மட்டும் என்றால் தீர்ப்பாயம் போதும். 'இது வேலை விபத்தே இல்லை', 'இவர் எங்கள் ஊழியரே இல்லை' என்பது போன்ற சண்டைக்கு நீதிமன்றம்தான் சரியான இடம், ஏனென்றால் அங்கேதான் சாட்சிகளை முறையாக விசாரிக்க முடியும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களும் தச்சர் வழக்கும்

சின்னப் பட்டறை, கட்டட வேலை, அல்லது சம்பளம் வரம்புக்கு மேல். இவர்களுக்கு 1923 சட்டம். பணம் தர வேண்டியவர் முதலாளி, முடிவு செய்பவர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இங்கேயும் கேட்க முடியாது.

இங்கே பணம் மாதாமாதம் வராது, மொத்தமாக வரும். சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம் என்று 2020 ஜனவரியில் நிர்ணயித்தார்கள். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய், இது முழு ஊனத்துக்கு. 30 சதவீதம் என்றால் 5,61,546.

பதின்மூன்று லட்ச ரூபாய் வித்தியாசம். அப்படியானால் அட்டவணையில் பகுதி ஊனம் என்று இருப்பதை முழு ஊனம் என்று வாதாட முடியுமா? முடியும் என்பதற்கு 1976இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு இருக்கிறது. ஒரு தச்சருக்கு வேலையில் விழுந்து இடது கை முழங்கைக்கு மேல் போனது. பகுதி ஊனம்தான் என்றார் முதலாளி. தச்சு வேலை இரண்டு கை வேலை. ஒற்றைக் கையால் செய்ய முடியாது. விபத்து நடந்தபோது செய்யத் தகுதியாக இருந்த வேலைக்கு இனி அவர் தகுதியற்றவர், ஆகவே முழு ஊனம் என்றது நீதிமன்றம். இன்னொன்றையும் சொன்னது: இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது, ஆணையர் உத்தரவு போடும்வரை முதலாளி காத்திருக்கக் கூடாது. கடன் ஒரு மாதத்தில் தீராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும்.

இதைப் படித்துவிட்டு மூன்று விரல் போன எல்லோரும் 100 சதவீதம் கேட்டுவிட முடியாது. தச்சருக்கு ஒரு கை போனது. வாதம் நின்றது அவருடைய வேலை என்ன என்பதில். நம் ஓசூர்க்காரரும் தன் வேலையை இதுபோலப் பிரித்துக் காட்ட முடிந்தால் ஒரு வாதம் இருக்கிறது. காட்ட முடியாவிட்டால் அட்டவணை எண்தான்.

வேலையாகப் போகும்போது சாலையில் விபத்து நடந்தால் 1923 சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டும் பொருந்தலாம். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாலை விபத்து வழக்கு: டாக்டர் கூண்டில் ஏறும்போது

இங்கேதான் சதவீதத்தின் விலை மிகவும் ஏறி இறங்குகிறது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் இரண்டு கணக்கு உண்டு.

அ. சதவீத முறை. ஒரு சதவீதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று வைத்துப் பெருக்குவது. 5,000 என்று வைத்தால் 30 சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம்.

ஆ. பெருக்கி முறை. மாத வருமானம் 15,000. நாற்பது வயதுக்குக் கீழே நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. முப்பது வயதுக்குப் பெருக்கி எண், அதாவது ஆண்டு வருமானத்தை வயதைப் பொறுத்துப் பெருக்கும் எண், 17. மொத்தம் 42,84,000. அதில் 30 சதவீதம் 12,85,200 ரூபாய்.

ஒரே காயம், ஒரே 30. ஒன்று ஒன்றரை லட்சம், மற்றது பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். ஊனம் வருமானத்தைப் பாதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால் முதல் முறை, பாதித்தது என்றால் இரண்டாவது. ஆக, வழக்கில் நிரூபிக்க வேண்டியது காயத்தை மட்டுமல்ல, காயத்தால் வருமானம் குறைந்ததையும்தான். சம்பள ரசீது, பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கு, விபத்துக்குப் பிறகு குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்றிய கடிதம், இவை எக்ஸ்ரேவுக்குச் சமமான சாட்சியங்கள். பல வக்கீல்கள் எக்ஸ்ரேவை மட்டும் போட்டுவிட்டு வாய்மொழியாக வருமானம் சொல்ல வைப்பார்கள். பிறகு தீர்ப்பாயம் தானாக ஒரு வருமானத்தை அனுமானித்துக்கொள்ளும்.

உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இந்தச் சிக்கலைப் பிரித்து வைத்தது. 2011ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த அதைத்தான் இன்று எல்லாத் தீர்ப்பாயங்களும் எடுத்தாள்கின்றன. அதன் சாரம் மூன்று:

1. ஓர் உறுப்பின் சதவீதம் உடல் முழுவதற்குமான சதவீதம் ஆகாது. கையில் 45 சதவீதம் என்பது உடலில் 45 சதவீதம் இல்லை.

2. உடல் முழுவதற்குமான சதவீதமும் வருமான இழப்புச் சதவீதம் ஆகிவிடாது. இடது கை துண்டிக்கப்பட்டவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு நூறு சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம்.

3. சிகிச்சை அளிக்காத டாக்டர் கேட்டதும் எழுதிக்கொடுக்கும் 'ரெடிமேட்' சான்றிதழை ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது வரி எதற்கு என்று புரிய, தீர்ப்பாயத்தில் நடக்கும் ஒரு குறுக்கு விசாரணையைக் கேட்டால் போதும். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்திருப்பார். 'டாக்டர், இவருக்கு நீங்கள் சிகிச்சை அளித்தீர்களா?' இல்லை. 'சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கேஸ் ஷீட்டைப் பார்த்தீர்களா?' டிஸ்சார்ஜ் சம்மரி பார்த்தேன். 'நீங்கள் சொல்லும் 45 சதவீதம் கைக்கா, முழு உடலுக்கா?' இந்தக் கேள்வியில் டாக்டர் ஒரு நொடி நிறுத்துவார். கைக்கு என்பார். 'முழு உடலுக்கு எவ்வளவு?' மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம் என்பார். அவ்வளவுதான், 45 என்பது 15 ஆகிவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, நம் பக்கம் முதல் விசாரணையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டு, 'முழு உடலுக்கு 15தான், ஆனால் இவர் செய்த வேலைக்குப் பிடிமானம் தேவை, அதை இவரால் இனி செய்ய முடியாது' என்று பதிவு செய்துவிடுவது. சாத்தியமானால் சிகிச்சை அளித்த டாக்டரையே சாட்சியாகக் கூப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். அந்தக் குழுவின் அறிக்கையை உடைப்பது எதிர்த்தரப்புக்குச் சிரமம்.

2020இல் வந்த இன்னொரு தீர்ப்பு மேல்முறையீட்டில் இந்த வாதம் எப்படி வேலை செய்யும் என்று காட்டுகிறது. டேட்டா என்ட்ரி வேலை பார்த்த ஓர் இளைஞரின் வலது கை போனது, மருத்துவச் சதவீதம் 89. உயர் நீதிமன்றம் வருமான இழப்பை 45 சதவீதமாகக் குறைத்தது. இரண்டு கையாலும் தட்டச்சு செய்தவருக்கு அந்த வேலை கிட்டத்தட்ட போய்விட்டது என்று பார்த்த உச்ச நீதிமன்றம் அதை 65 ஆக்கியது. எதிர்கால உயர்வு இறந்தவர் வழக்குக்கு மட்டுமல்ல, நிரந்தர ஊனம் அடைந்தவருக்கும் உண்டு என்று தெளிவாக்கியதும் அந்தத் தீர்ப்புதான்.

சான்றிதழ்: 40 என்ற கோடு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தோரு வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 40 சதவீதம் இருந்தால் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு வழி. யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நிறமே அதைக் காட்டும்: 40க்குக் கீழே வெள்ளை, அதற்கு மேலே மஞ்சள், 80 தொட்டால் நீலம். சில மாத உதவித்தொகைகளுக்குக் கோடு இன்னும் மேலே இருக்கும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதும் நிபந்தனை; மத்தியப் பங்கு 300 ரூபாய்தான், மீதியை மாநிலம் போடுகிறது. 38 வாங்கியவர் 40க்குப் போராடுவதில் அர்த்தம் இருக்கிறது. 55ஐ 60 ஆக்கப் போராடுவதால் இந்தக் கோடுகள் எதுவும் மாறாது.

சான்று மறுக்கப்பட்டால் அதை எழுத்தில், காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். முகாமில் 'உனக்கு வராதுப்பா, போ' என்று வாயால் சொல்லி அனுப்புவது மறுப்பு ஆகாது. மேல்முறையீடு செய்யக் கையில் உத்தரவே இல்லாமல் செய்துவிடுகிறது. ஆகவே விண்ணப்பத்தை யு.டி.ஐ.டி. இணையதளத்தில் பதிந்து எண் வாங்கிக்கொள்வதும், பதில் வராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவதும் முக்கியம். அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

சதவீதம் அதிகம் என்பதற்காகவே மறுப்பதும் உண்டு. பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்ட மாணவர் வழக்கில், எண்ணை மட்டும் வைத்துத் தகுதியற்றவர் என்று சொல்லக் கூடாது, படிப்பைத் தொடர முடியுமா என்று குழு பார்த்துக் காரணத்தோடு எழுத வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றாவது வகைக் கேள்வி இங்கேயும் நுழைந்துவிட்டது என்பதைக் கவனிக்கலாம்.

உயர் நீதிமன்றமும் மறு ஆய்வும்

காப்பீட்டு நீதிமன்றம், இழப்பீட்டு ஆணையர் ஆகியோரின் முடிவுக்கு எதிராக 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வி இருந்தால்தான். 'இருபது கொடுத்தார்கள், முப்பது வேண்டும்' என்பது பெரும்பாலும் உண்மை சார்ந்த சண்டை, அங்கே எடுபடாது. 'கீழே இந்த ஆவணத்தைப் பார்க்கவே இல்லை', 'தப்பான அட்டவணை வரியைப் போட்டார்கள்' என்பது வேறு. அதனால்தான் கீழே விசாரணை நடக்கும்போதே எல்லாக் காகிதமும் பதிவாகிவிட வேண்டும். ஆணையர் உத்தரவை எதிர்த்து முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் டெபாசிட் செய்ய வேண்டும்.

மோட்டார் வாகன வழக்கில் கெடு 90 நாள், இங்கே உண்மையையும் சதவீதத்தையும் உயர் நீதிமன்றம் மறுபடி பார்க்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான் அப்பீல் போகும் என்பது பொய். கூடுதல் கேட்டுக் காயம்பட்டவரும் போகலாம்.

வக்கீல் செலவைப் பற்றி: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளி, தொழிலாளி, பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோரும் வருகிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி எண் 15100.

கடைசியாக, முடிந்துபோன இ.எஸ்.ஐ. கோரிக்கை பற்றி. இறுதி மதிப்பீடு வந்துவிட்டது, கெடுவும் போய்விட்டது. சில ஆண்டு கழித்து எதிர்பாராதபடி காயத்தின் விளைவு மோசமாகிறது, இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுகிறது. அப்போது மறு ஆய்வு கேட்கலாம். பொதுவாக இறுதி மதிப்பீட்டிலிருந்து ஐந்து ஆண்டும், தற்காலிக மதிப்பீடானால் ஆறு மாதமும் கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன் என்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை இரண்டு: பழைய மதிப்பீட்டு உத்தரவின் நகல், அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டர் எழுதிய குறிப்பு. உத்தரவு தொலைந்திருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிளை அலுவலகத்திடம் கேட்டு வாங்கலாம், கட்டணம் பத்து ரூபாய்.